சந்தா கட்டினால் நூலகம் ஆகிவிடாது

பல்கலைக்கழகக் கூட்டங்களில் இப்போது ஒரு வாதம் எதிர்ப்பே இல்லாமல் உலவுகிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்துவிட்டது, உலகின் பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் ஆசிரியரின் கைப்பேசிக்கே வந்து சேர்கின்றன, இனி நூலகத்துக்குத் தனி நிதி எதற்கு, ஓய்வுபெற்ற நூலகரின் இடத்தில் இன்னொருவரை நியமிப்பது எதற்கு என்பது அந்த வாதம். கல்வியியல், வரலாறு, சமூகவியல், பொருளியல் துறைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் அதற்கு ஒரு வாலும் முளைக்கிறது. வேதியியலுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், இயற்பியலுக்குக் கருவி வேண்டும். இவர்களுக்கு என்ன வேண்டியிருக்கிறது, ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதாதா என்கிறார்கள். சொல்கிறவர்கள் நிர்வாகிகள் மட்டுமல்ல. சமூக அறிவியல் பேராசிரியர்களே பலர் இதற்குத் தலையாட்டுகிறார்கள்.

வாதமும் தவறு, அதன் வாலும் தவறு. சந்தா என்பது ஒரு கொள்முதல். நூலகம் என்பது அன்றாடம் நடக்கும் ஒரு பணி. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மூடலாம் என்பது கணக்குப் பிழை. அந்தப் பிழையின் விலையை மற்ற எவரையும்விட அதிகமாகக் கொடுக்கப்போகிறவர்கள் கல்வியியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள்தான். அவர்களுக்கு நூலகமே ஆய்வுக்கூடம். அதில் அவர்கள் தேடும் சரக்கில் பெரும்பகுதி எந்தப் பன்னாட்டுப் பதிப்பகத்தின் கிடங்கிலும் இல்லை.

சந்தாத் திட்டத்தைப் பழிப்பது என் நோக்கமல்ல. 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. முன்பு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகப் பேரம் பேசி, ஒரே இதழுக்குத் திரும்பத் திரும்பப் பணம் கட்டியது. வசதியான மத்திய நிறுவனங்களுக்குக் கிடைத்தது, மாவட்டத் தலைநகரத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கவில்லை. அந்த ஏற்றத்தாழ்வைத் திட்டம் ஓரளவு சரி செய்திருக்கிறது. சேஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் போன்ற, சமூக அறிவியல் இதழ்களை நிறைய வெளியிடும் பதிப்பகங்களும் அதில் உண்டு. இவ்வளவும் நல்லதே. இந்த நன்மையைக் காட்டி, அது தொடவே தொடாத இடங்களையும் நிரப்பிவிட்டதாகக் கணக்கெழுதுவதைத்தான் மறுக்கிறேன்.

முதலில் புத்தகம். அந்தத் திட்டம் இதழ்களுக்கானது. ஓர் இயற்பியலாளரின் கண்டுபிடிப்பு எட்டுப் பக்கக் கட்டுரையில் அடங்கிவிடும். ஒரு மானிடவியலாளர் பத்தாண்டு களப்பணியில் கண்டது முந்நூறு பக்க நூலாகத்தான் வரும். சமூக அறிவியலில் ஒரு வாதம் முழு உருவம் பெறுவது நூலில். இதழ்க் கட்டுரை பெரும்பாலும் அதன் முன்னோட்டமோ பின்னுரையோ மட்டுமே. இதற்குச் சான்று நீதிமன்ற ஆவணத்திலேயே இருக்கிறது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸும் சேர்ந்து, டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்திலிருந்த ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடையின் மீதும் டெல்லி பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. வகுப்புக்கு வேண்டிய நூல்களிலிருந்து பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பாகக் கொடுத்ததுதான் குற்றச்சாட்டு. அந்தத் தொகுப்புகளில் எழுத்து இடம்பெற்ற ஆய்வாளர்களிலேயே பலர் வழக்கைக் கைவிடச் சொன்னார்கள். 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் கல்விப் பயன்பாட்டுக்குப் பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கை ஏற்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கிலிருந்து விலகின. நாட்டின் தலைநகரில், வளமான நூலகங்கள் கொண்ட ஒரு பல்கலைக்கழகத்தில், சமூக அறிவியல் வகுப்பு நடக்க ஜெராக்ஸ் கடையை நம்ப வேண்டியிருந்தது என்றால், காரணம் இதழ்ப் பற்றாக்குறை அல்ல. நூல்கள் விலை அதிகம், பிரதிகள் குறைவு. வழக்குப் போட்ட அந்த மூன்று பதிப்பகங்களும் இன்று ஒரே சந்தாவின் பட்டியலில் இருக்கின்றன, தங்கள் இதழ்களோடு. நூல்களின் கதை 2012இல் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

அடுத்தது, நூல்களுக்கும் முந்தைய மூலச்சான்றுகள். கல்வி வரலாறு எழுதும் எவரும் 1822ஐத் தாண்டிப் போக முடியாது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் யார் படிக்கிறார்கள் என்று மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். சாதிப் பிரிவுவாரியாக, ஆண் பெண் என்று பிரித்து அறிக்கைகள் வந்தன. அந்த ஆவணங்களைச் சென்னையிலும் லண்டனிலும் தேடி எடுத்துத் தரம்பால் 1983இல் ‘அழகிய மரம்’ என்ற தன் ஆங்கில நூலை வெளியிட்டார். ஆங்கிலேயர் வருமுன் இங்கே கல்வி பரவலாக இருந்தது என்று அதை வைத்து வாதாடுகிறவர்கள் உண்டு. ‘பிற சாதியினர்’ என்ற பத்திக்குள் யார் அடக்கம், யார் கணக்கிலேயே வரவில்லை, பெண்கள் எத்தனை பேர் என்று எதிர்க்கேள்வி எழுப்புகிறவர்களும் உண்டு. இந்தச் சண்டையில் தமிழ்நாட்டுக் கல்வியியல் ஆசிரியர் ஒருவர் எந்தப் பக்கம் நின்றாலும், அவர் பார்க்க வேண்டியது வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளை. அவை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடக்கின்றன. எந்தத் தொகுதி, எந்தத் தேதி, யாரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் தேவை. 13,000 இதழ்களில் கிடைப்பது அந்த ஆவணத்தைப் பற்றிப் பிறர் எழுதிய கருத்து மட்டும். கருத்தின் மேல் கருத்து எழுதி எத்தனை காலம் ஓட்டுவது?

பொருளியலுக்கு வருவோம். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், சாப்பாடு என்று கணக்கெடுக்க வைத்தார். 1918இல் அது நூலாக வந்தது. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். அந்த ஊர்களில் ஒன்றான விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டுக்கு 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ச. குகன் போனார், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். ஒரே ஊரை ஏறத்தாழ நூறாண்டு தொடர்ந்து பார்க்கக் கிடைப்பது உலகச் சமூக அறிவியலிலேயே அரிது. அது எப்படி முடிந்தது? முந்தைய கணக்கெடுப்பை யாரோ வாங்கி, பட்டியலிட்டு, பூச்சி அரிக்காமல் காத்து, கேட்டபோது எடுத்துக் கொடுத்தார்கள். ‘பழசு, யாரும் எடுப்பதில்லை’ என்று எடைக்குப் போட்டிருந்தால் அடுத்த ஆய்வாளர் எதோடு ஒப்பிட்டிருப்பார்? நம் துறைகளில் பழைய நூலுக்குக் காலாவதித் தேதி கிடையாது. 1970ஆம் ஆண்டுப் பள்ளிப் பாடநூல் இன்று மாணவனுக்கு வேண்டாம். பாடத்திட்ட ஆய்வாளருக்கு அதுதான் முதல் ஆவணம். இடநெருக்கடி என்றதும் முதலில் கழிக்கப்படுவதும் அதுதான்.

பழையது இருக்கட்டும், நேற்று வந்ததைத்தான் வைத்திருக்கிறோமா? தமிழ்நாட்டுக் கல்வியின் போக்கைத் தீர்மானித்தவை பெரும்பாலும் அறிக்கைகள். சமச்சீர்க் கல்விக்கு வழிவகுத்த முத்துக்குமரன் குழு, நீட் தேர்வின் விளைவை ஆராய்ந்து 2021இல் அறிக்கை தந்த ஏ.கே. ராஜன் குழு, பள்ளிகளில் சாதி மோதலைப் பற்றி 2024இல் அறிக்கை தந்த சந்துரு குழு என்று வரிசை நீளும். இவற்றோடு அரசாணைகள், மானியக் கோரிக்கைக் கொள்கை விளக்கக் குறிப்புகள், மாவட்ட அளவிலான கணக்கெடுப்புகள், ஆசிரியர் சங்கங்களின் வெளியீடுகள், சிற்றிதழ்கள். இவை எந்தப் பன்னாட்டுப் பதிப்பகத்தின் வழியாகவும் வருவதில்லை. ஓர் அறிக்கையின் பிடிஎஃப் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும்; இரண்டு ஆண்டு கழித்துத் தேடினால் இணைப்பு செத்திருக்கும்; கையில் இருப்பது முழு அறிக்கையா, சுருக்கமா, எத்தனையாவது திருத்தம் என்று யாருக்கும் தெரியாது. வந்தவுடன் வாங்கி, நிலையான முகவரியோடு பட்டியலில் ஏற்றி, பொருள் குறிப்புப் போட்டு வைப்பது பல்கலைக்கழக நூலகத்தின் வேலை. அதைச் சென்னையிலிருந்தோ காந்திநகரிலிருந்தோ எல்லோருக்குமாக யாரும் செய்யப்போவதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சுச் செல்வம்தான் 1994 முதல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நிற்கிறது. தமிழ்ச் சமூக வரலாறு எழுதுகிறவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து அதைத் தேடி வருகிறார்கள். தனிமனிதர் ஒருவருக்குத் தோன்றியது நிறுவனங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

இனி எண்கள். ‘தரவெல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே’ என்பார்கள். கிடைக்கிறது. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, 2017–18இல், குடும்பங்கள் கல்விக்குச் செய்யும் செலவை நாடு முழுவதும் கேட்டறிந்தது. டியூஷன் கட்டணம், பேருந்துச் செலவு, பள்ளியைப் பாதியில் விட்ட காரணம் எல்லாம் அதில் உண்டு. குடும்பவாரித் தரவை எவரும் இறக்கிக்கொள்ளலாம். இறக்கினால் கிடைப்பது இடைவெளியில்லாத எண்களின் நெடுவரிசை. எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை மாவட்டக் குறியீடு, எங்கே வயது என்பதைத் தனி அட்டவணையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெருக்கி எண் உண்டு. அதைப் பயன்படுத்தாவிட்டால் வரும் சதவீதம் மாதிரியின் சதவீதம். மாநிலத்தின் சதவீதம் அல்ல. முந்தைய பல சுற்றுகளில் அந்தப் பெருக்கியைச் சில குடும்பங்களுக்கு 100ஆலும் மற்றவற்றுக்கு 200ஆலும் வகுக்க வேண்டும். இது தெரியாமல் போட்ட கணக்கு பார்க்க அழகாக இருக்கும். முடிவு தப்பாக இருக்கும். புள்ளியியல் படிக்காத ஒரு கல்வியியல் உதவிப் பேராசிரியர் இதை யாரிடம் கேட்பார்? தரவைக் கையாளத் தெரிந்த ஒருவரை நூலகத்தில் அமர்த்தினால் ஒரு பிற்பகலில் தீரும் சிக்கல் இது. அமர்த்தாததால், இலவசமாகக் கிடக்கும் தேசியத் தரவைத் தொடாமல், பக்கத்துப் பள்ளியில் நூறு பேரிடம் வினாப்பட்டியல் கொடுத்து வாங்கும் ஆய்வேடுகள் ஆண்டுதோறும் குவிகின்றன. ஆசிரியர்களுக்குச் சோம்பல் என்று இதற்குத் தீர்ப்பெழுதுவது எளிது. உதவி இல்லாத இடத்தில் மனிதர்கள் தெரிந்த வழியில்தான் போவார்கள்.

படிப்பதற்கு மட்டுமா உதவி, எழுதியதை வெளியிடவும் வேண்டும். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கும் முறையால் இந்தியாவில் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் பெருகின. பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்க வேண்டியிருந்தது. பிறகு ‘கேர்’ என்ற பட்டியலை 2019 முதல் நடத்தியது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிடுவதாக அறிவித்து, இதழின் தரத்தைப் பல்கலைக்கழகங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று சில அளவுகோல்களை மட்டும் பரிந்துரைத்தது. மையப்படுத்திய பட்டியலில் குறைகள் இருந்தன என்பது உண்மை. தமிழ் இதழ்கள் அதில் பட்ட பாடு தமிழ்த்துறையினருக்குத் தெரியும். ஆனால் இப்போது பொறுப்பு பல்கலைக்கழகத்தின் தலையில் விழுந்திருக்கிறது. அங்கே அதைச் சுமப்பது யார்? ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படும் பேராசிரியர் உண்மையில் அங்கே இருக்கிறாரா, மதிப்பீடு நடக்கிறதா, பழைய இதழ் ஒன்றின் பெயரைத் திருடி நடத்தும் பொய்த் தளமா என்று சோதிப்பது நூலகருக்குப் பயிற்சியுள்ள வேலை. ஒன்றியம் பட்டியலை விட்டுவிட்ட அதே வேளையில் பல்கலைக்கழகம் நூலகரையும் விட்டுவிட்டால், புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர் போலி இதழ்காரனின் மின்னஞ்சலுக்கு நேராகப் பலியாகிறார்.

‘இதெல்லாம் பழைய கதை, இப்போது செயற்கை நுண்ணறிவே சொல்லிவிடுமே’ என்பது புதிய பல்லவி. கேட்டால் சொல்லும், அதுதான் சிக்கல். அந்தக் கருவிகள் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் ஒழுங்காகக் கோத்துத் தரும் என்பது பயன்படுத்திய எவருக்கும் தெரிந்த சங்கதி. ஆங்கிலத்தில் ஏராளமாக எழுதப்பட்ட பொருளில் பிழை குறையலாம். தமிழகத்துக் கிராமக் கூலி, மாவட்டக் கல்வி நிர்வாகம், ஒரு சாதிச் சங்கத்தின் மாநாட்டுத் தீர்மானம் என்று வரும்போது அவை படித்திருக்கக்கூடிய எழுத்தே இணையத்தில் அரிது. அச்சில் மட்டும் இருக்கும் சான்றை, பட்டியலில்கூட ஏறாத சான்றை, எந்த இயந்திரமும் கண்டுபிடித்துத் தராது. இயந்திரம் நல்ல பதில் சொல்ல வேண்டுமானாலும் முதலில் யாராவது அந்த அறிக்கையைச் சேகரித்து, வருடி, எழுத்துருவாக்கி, பட்டியலிட்டாக வேண்டும். தொழில்நுட்பம் வந்ததால் நூலகப் பணி கூடியிருக்கிறது. குறைந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் அந்தப் பணியைப் பார்த்ததே இல்லை.

பார்க்காதது அவர்கள் குற்றம் மட்டுமல்ல. நூலக வேலை என்றால் காவல் வேலை என்ற எண்ணம் இங்கே பழையது. சீர்காழிக்காரரான சி.இரா. ரங்கநாதனே அப்படித்தான் தொடங்கினார். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது பொறுக்காமல் கல்லூரிக்கே திருப்பி அனுப்பச் சொல்லி மன்றாடினார். லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே நூலகங்கள் நடக்கும் விதத்தைப் பார்த்துத்தான் மனம் மாறினார். திரும்பி வந்து அடுக்குகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார்; தேடி வருகிறவரின் தேவையைக் கேட்டறிந்து உதவும் பணியாளர்களை உருவாக்கினார். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுத்து, தேர்வுத்தாள் திருத்தி, தரமதிப்பீட்டுக் குழுவுக்குக் கோப்புத் தயாரிக்கும் இன்றைய உதவிப் பேராசிரியருக்கு அந்த விதியைவிடப் பொருத்தமானது வேறில்லை. உலகுக்கே நூலக அறிவியல் கற்பித்த ஒருவரைத் தந்த ஊரில், நூலகரை வாசற்பதிவேட்டின் முன்னால் உட்கார வைத்திருக்கிறோம். பல்கலைக்கழக நூலகர், துணை நூலகர், உதவி நூலகர் ஆகியோருக்கு மானியக் குழு ஆசிரியருக்கு இணையான ஊதியம் வைத்திருக்கிறது. உதவி நூலகர் பணிக்கு ‘நெட்’ தகுதி கேட்கிறது. கேட்டு வாங்கிய தகுதியை என்ன செய்கிறோம்? பல இடங்களில் சமூக அறிவியல் ஆசிரியரும் நூலகரும் நேருக்கு நேர் சந்திப்பது ஒரே ஒரு காரியத்துக்காக: முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஒப்புமைச் சோதனைச் சான்றிதழ். பத்துச் சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிப் போவதோடு உறவு முடிந்தது. ஆய்வு தொடங்கும்போது வந்திருக்க வேண்டியவர் முடிந்தபின் வருகிறார்.

‘ஆசிரியர்கள் நூலகத்துக்கு வருவதே இல்லை, பதிவேட்டைப் பாருங்கள்’ என்பது எதிர்த்தரப்பின் கடைசி ஆயுதம். வருவதில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடக்கின்றன. பத்தாண்டாகப் புதிய நூல் வாங்காத அடுக்குக்கு எதற்காக வருவார்கள்? கேட்ட நூல் வேறு பல்கலைக்கழகத்தில் இருந்தால் வரவழைத்துத் தர ஏற்பாடு இல்லாத இடத்துக்கு ஏன் வருவார்கள்? தன் துறையின் பெயரைக்கூடக் கேட்டறியாத ஒருவரிடம் என்ன கேட்பார்கள்? பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் கல்வியியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர் என்று துறை நூலகர்கள் இருப்பது வழக்கம். துறைக் கூட்டத்தில் அவர் உட்காருகிறார்; புதிய பாடத்திட்டம் எழுதும்போதே வாசிப்புப் பட்டியலைப் பார்க்கிறார்; ஆய்வு முன்மொழிவு எழுதும்போது இலக்கியத் தேடலுக்குத் துணை நிற்கிறார். அந்த உதவியில் பாதி மின்னஞ்சலிலும் ஆசிரியரின் அறையிலும் நடக்கிறது. எந்தக் கதவுப் பதிவேட்டிலும் ஏறாது. கதவைத் தாண்டிய கால்களை எண்ணி நூலகத்தின் பயனை அளப்பவர்கள் தவறான அளவுகோலைப் பிடித்திருக்கிறார்கள். ஆசிரியர்களையும் விட்டுவிட முடியாது. ‘எனக்குத் தேடத் தெரியாதா’ என்ற வீம்பு நம்மிடம் உண்டு. கூகுளில் முதல் பக்கத்தில் வந்ததை மட்டும் படித்துவிட்டு, இந்தப் பொருளில் முந்தைய ஆய்வு எதுவும் இல்லை என்று முன்னுரையில் எழுதும் வழக்கமும் உண்டு. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தேடினால் அதே தலைப்பில் இரண்டு ஆய்வேடுகள் கிடைக்கும். உதவி கேட்பது தகுதிக் குறைவு என்று நினைக்கும் ஆசிரியர், உதவி தேவையில்லை என்று சொல்லும் நிர்வாகத்துக்குத் தானே சாட்சி சொல்கிறார்.

இதில் மிகவும் கைவிடப்பட்டவர்கள் ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியர்கள். தமிழ்நாட்டின் பி.எட். கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். ஒரே சந்தாவின் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கானது. சுயநிதிக் கல்லூரியின் வாசலில் அது நின்றுவிடுகிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள் ஒரு பி.எட். கல்லூரியிடம் குறைந்தது 1,000 தலைப்புகளில் 3,000 நூல்கள் கேட்கின்றன. ஆய்வுக்குழு வரும் நாளில் அந்த எண்ணிக்கையைக் காட்டுவதற்கு வழிகாட்டி நூல்களையும் வினா விடைப் புத்தகங்களையும் அடுக்கி வைத்தால் போதும் என்று பல நிர்வாகங்களுக்குத் தெரியும். அங்கே கற்பிக்கும் கல்வியியல் ஆசிரியர் கோத்தாரி குழு அறிக்கையை மூலத்தில் பார்க்காமல் அதைப் பற்றிய குறிப்புகளை ஆண்டுதோறும் வாசித்துக் காட்டுகிறார். இடைநிலைக் கல்வியைப் பற்றி 1952–53இல் ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அவர் அறிக்கையையும் தேர்வுக் குறிப்பாக மட்டுமே அறிந்த தலைமுறை வகுப்பறைக்குப் போகிறது. இந்தக் கல்லூரிகள் இணைந்திருக்கும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இவர்களுக்கு ஒரு பொது நூலக மையமாக இயங்க முடியும். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், முடிவெடுத்தால் போதும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். இதற்குத்தான் பதில் மிக எளிது. இதழ்ச் சந்தாவுக்கு முன்பு தன் கையிலிருந்து பணம் கட்டிய பல்கலைக்கழகத்துக்கு அந்தச் செலவில் ஒரு பகுதியாவது இப்போது மிச்சம். அந்த மிச்சம் எந்தத் தலைப்புக்குப் போனது? வளாகச் சுவருக்கா, பட்டமளிப்பு விழாப் பந்தலுக்கா? நூலகத்தின் பெயரில் இருந்த பணம் நூலகத்துக்கே திரும்ப வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டால், முதல் ஆண்டிலேயே செய்யக்கூடியவை நிறைய உண்டு. கல்வியியலுக்கும் சமூக அறிவியலுக்கும் சேர்த்துக் குறைந்தது ஒரு துறை நூலகர், பதிவேட்டுக் காவலுக்கு இழுக்கப்படாத ஒருவர். ஆசிரியர்கள் பரிந்துரைக்கும் நூல்களைக் குழுக்களில் அலைக்கழிக்காமல் வாங்க ஒரு சிறு நிதி. தன் மாவட்டத்தின் அறிக்கைகள், சங்க வெளியீடுகள், சிற்றிதழ்கள், பழைய பாடநூல்கள் ஆகியவற்றைச் சேகரிக்கும் பொறுப்பு. தமிழக அரசுப் பல்கலைக்கழகங்களுக்கிடையே நூல்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு; ஒவ்வொருவரும் ஒரே நூலை வாங்கவும் வேண்டாம், ஒருவரிடம் இருப்பது மற்றவருக்கு எட்டாமல் போகவும் வேண்டாம். இவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய திட்டப் பெயரும் வேண்டாம். ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு வேலை செய்யும் உரிமை வேண்டும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அப்படியே ஏற்றால் என்ன நடக்கும் என்பதையும் யோசிக்கலாம். 2027 முடிந்ததும் இந்தச் சந்தா நீடிக்குமா, எந்த விலைக்கு நீடிக்கும் என்பதை ஒன்றிய அரசும் 30 பதிப்பகங்களும் பேசி முடிவு செய்யும். அந்த மேசையில் மாவட்டப் பல்கலைக்கழகத்துக்கு நாற்காலி இல்லை. அதற்குள் சொந்தச் சேகரிப்பைக் கலைத்து, நூலகர் பணியிடங்களை ஒழித்துவிட்ட நிறுவனத்திடம் பிறகு எஞ்சுவது ஒரு கடவுச்சொல் மட்டும். அதுவும் பிறர் தயவில். தன் மண்ணைப் பற்றிய அறிவைத் தானே சேர்த்து வைக்காத பல்கலைக்கழகம், அந்த மண்ணைப் பற்றிப் பிறர் எழுதியதைப் பணம் கொடுத்து வாங்கி வாசிக்கும் நிலைக்குத் தள்ளப்படும். சமூக அறிவியல் ஆசிரியர்கள் இதைக் கூட்டத்துக்கு வெளியே முணுமுணுத்துப் பயனில்லை. அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் கல்விக்குழுவுக்கும் ஆட்சிக்குழுவுக்கும் வரும்போது, மிச்சமான சந்தாப் பணத்துக்குக் கணக்கும் காலியான நூலகர் பணியிடத்துக்கு விளம்பரமும் கேட்டு எழுத்து மூலம் கோரிக்கை வைக்க வேண்டும். பதில் வரும்வரை ‘எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது’ என்ற வாக்கியத்தை எந்தக் குறிப்பேட்டிலும் ஏற விடக்கூடாது.